கோட்டை எதுவரை போகும்? கடன் வாங்கிக் கழித்தலும் சதுரங்கச் செய்நிரலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் செய்நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் சாதாரண தரம் முடித்தவர்கள், மற்றவர்கள் உயர்தரத்தில் ஐசிடி படிப்பவர்கள். மடிகணினி மூன்றுதான் உண்டு, மிச்சப் பேர் கைத்தொலைபேசியிலேயே எழுதுகிறார்கள். குதிரை வரைக்கும் எல்லாரும் ஓடி வருவார்கள். கோட்டை, மந்திரி, ராணி மூன்றும் எந்தக் கட்டம்வரை தாக்கும் என்று பிட் (0 அல்லது 1 மட்டும் நிற்கும் இடம்) கணக்கால் கண்டுபிடிக்கும் இடம் வந்ததும் வண்டி நின்றுவிடும். ஒரே விளக்கத்தை நாலு கிழமையாக நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிடையாகப் போகும் வரிசை நிரை, மேலும் கீழுமாகப் போவது நிரல். கணித பாடத்தில் தாயத்துக்குப் படித்த அதே சொற்கள். கொழுந்து மலைக்குப் போகிற அம்மாவிடம் கேட்டாலும் நிரை என்றால் என்ன என்று காட்டிவிடுவார். கணினிக்கு எழுதுவதைச் செய்நிரல் என்கிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோட்டையை யானை என்பவர்கள் யானை என்றே வாசித்துக்கொள்ளலாம். ராணியை மந்திரி என்று சொல்லிப் பழகிய தாத்தாமார் மன்னிக்க வேண்டும்: இங்கே மந்திரி என்றால் மூலைவிட்டத்தில் போகும் காய்.

64 கட்டத்தையும் ஒரே எண்ணுக்குள் எப்படி அடைப்பது?

இன்றைய கணினி ஒரே மூச்சில் கையாளும் எண்ணுக்கு 64 பிட். சதுரங்கப் பலகைக்கும் 64 கட்டம். இந்தப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் நமக்கு அதிர்ஷ்டம். நிரல்களுக்கு இடமிருந்து ஏ முதல் எச் வரை, நிரைகளுக்குக் கீழிருந்து 1 முதல் 8 வரை பெயர். ஏ1 கட்டத்துக்கு 0ஆம் பிட், பி1க்கு 1, எச்1க்கு 7. அடுத்த நிரை ஏ2க்கு 8 என்று தொடங்கி, கடைசியில் எச்8க்கு 63. டி4 எது? ஏயை 0 என்று எண்ணினால் டி நிரல் 3, கீழே மூன்று முழு நிரை, 3×8 + 3 = 27.

கட்டத்தில் காய் இருந்தால் பிட் 1, இல்லாவிட்டால் 0. வெள்ளைக் கோட்டைகளுக்கு ஒரு எண், கறுப்புக் குதிரைகளுக்கு ஒரு எண் என்று மொத்தம் 12 எண்கள். பன்னிரண்டையும் ஓர் (OR: எதிலாவது 1 இருந்தால் 1) செய்தால் பலகையில் எங்கெல்லாம் ஆள் நிற்கிறது என்ற ஒரே எண் கிடைக்கும். அதைத் தடை என்று அழைக்கிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எண்ணை எழுதும்போது ஒன்றின் இடம் வலது கோடியில் வரும். அதனால் ஒரு நிரையைத் துவித எண்ணாக எழுதினால் ஏ நிரல் வலப்பக்கமும் எச் நிரல் இடப்பக்கமும் நிற்கும், பலகையைக் கண்ணாடியில் பார்ப்பது போல. பாதிப் பேர் தடுமாறுவது கணக்கில் இல்லை, இந்த இடத்தில்தான்.

யோசனை ஒன்றும் புதிது அல்ல. இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1950களின் தொடக்கத்தில் எழுதிய செக்கர்ஸ் செய்நிரலே பலகையைப் பிட்டுகளாகத்தான் வைத்திருந்தது. 1974இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதலாவது உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்ற மாஸ்கோவின் கைசா என்ற செய்நிரலும் இதே வழிதான்.

குதிரைக்கு ஏன் இந்தப் பாடு இல்லை?

குதிரை தாண்டிப் போகும். நடுவில் யார் நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. எனவே 64 கட்டத்துக்கும் விடையை முன்கூட்டியே கணக்குப் போட்டு அட்டவணையில் வைத்துவிடலாம். ராஜாவுக்கும் அப்படியே. சிப்பாய்க்கும் அப்படியே, நிறத்துக்கு ஒரு அட்டவணை. கோட்டைக்கும் மந்திரிக்கும் விடை நடுவில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஒரு லூப் போட்டுக் கட்டம் கட்டமாகப் போனால் என்ன குறை?

ஒரு குறையும் இல்லை. முதலில் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. பின்னால் வரும் கெட்டிக்காரத்தனம் எல்லாம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த மெதுவான லூப்தான் சாட்சி.

வேகம் என்று வரும்போதுதான் சிக்கல். ஆட்டத்தின் தொடக்க நிலையிலிருந்து இரு பக்கமும் சேர்த்து ஐந்து நகர்வு வரை எல்லா வழியையும் எண்ணினால் 4,865,609 வரும். ஆறு என்றால் 119,060,324. ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு கோட்டைக்கும் நாலு திசை, ஒவ்வொரு திசையிலும் ஏழு கட்டம் வரை, ஒவ்வொரு கட்டத்திலும் "இங்கே ஆள் இருக்கா?" என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்விகளை ஒரே கழித்தலில் முடிக்கலாம் என்பதுதான் இந்தப் பக்கத்தின் கதை.

கழித்தலுக்கும் கோட்டைக்கும் என்ன சொந்தம்?

எட்டுக் காம்பிரா (அறை) உள்ள ஒரு லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, நினைத்துக்கொள்ளுங்கள். சில காம்பிராவில் ஒரு சாக்கு அரிசி இருக்கிறது, சிலவற்றில் ஒன்றும் இல்லை. ஒருவர் வந்து ஒரு காம்பிராவில் ஒரு சாக்கு கேட்கிறார். இருந்தால் கொடுத்துவிடுவார்கள், கதை முடிந்தது. இல்லாவிட்டால்? இல்லை என்று கதவைச் சாத்த நம் லயத்து ஆட்களுக்கு மனசு வராது. அடுத்த காம்பிராவில் கடன் கேட்பார்கள். அங்கேயும் இல்லையென்றால் அவர்கள் அதற்கடுத்த காம்பிராவில் கேட்பார்கள். அரிசி இருக்கிற முதல் வீடு வரும்வரை கடன் கதவு கதவாக நடக்கும்.

துவிதக் கணக்கில் ஒரு விதி உண்டு: மேல் காம்பிராவின் ஒரு சாக்கு, கீழ் காம்பிராவில் இரண்டு சாக்குக்குச் சமம். அதனால் கடன் வாங்கிய ஒவ்வொரு வெறும் வீடும் இரண்டைப் பெற்று, கேட்டவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தனக்கு ஒன்றை வைத்துக்கொள்கிறது. வெறுமையாய் இருந்த வீடுகள் எல்லாம் 1 ஆகின்றன. கொடுத்த வீடு 0 ஆகிறது. அதற்கு அப்பால் உள்ளவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இப்போது பாருங்கள். நிலை மாறிய வீடுகள் எவை? நடுவில் இருந்த வெற்றுக் கட்டங்களும், வழியை அடைத்து நின்ற முதல் ஆளும். கோட்டை தாக்கும் கட்டங்கள் என்று சதுரங்கப் புத்தகத்தில் சொல்வதும் அதைத்தானே! மூன்றாம் வகுப்பில் சிலேட்டில் போட்ட கடன் வாங்கிக் கழித்தல் கோட்டையின் ஓட்டத்தை அப்படியே ஓடிக் காட்டுகிறது.

எது மாறியது என்று கண்டுபிடிக்க எக்ஸ்ஓர், சூத்திரத்தில் ^ என்ற குறி. முன்னைய எண்ணையும் பின்னைய எண்ணையும் எக்ஸ்ஓர் செய்தால் வித்தியாசப்பட்ட பிட் மட்டும் 1 ஆக நிற்கும்.

தாக்கு = தடை ^ (தடை − 2×காய்)

எண்ணோடு பார்ப்போம். கோட்டை சி கட்டத்தில், அதாவது பிட் 2. ஏ, ஜி, எச் ஆகியவற்றிலும் ஆள் நிற்கிறது.

தடை = 11000101, அதாவது 197
காய் = 00000100, அதாவது 4
197 − 8 = 189, அதாவது 10111101
197 ^ 189 = 01111000

விடையில் 1 உள்ள இடங்கள் பிட் 3, 4, 5, 6. அதாவது டி, ஈ, எஃப் மூன்றும் வெற்றுக் கட்டங்கள், ஜி முதல் தடை. எச்சில் நின்றவருக்குக் கடன் போய்ச் சேரவே இல்லை. இதை ஒருமுறையாவது கொப்பியில் கையால் போட்டுப் பாருங்கள். திரையில் பார்த்தால் மறந்துபோகும்.

ஏன் இரண்டால் பெருக்குகிறோம்?

காயை இரண்டால் பெருக்கினால் பிட் ஒரு இடம் மேலே நகரும். சி கட்டத்துக் காய் டி கட்டத்தில் போய்க் கதவு தட்டுகிறது. கடன் கேட்பது பக்கத்து வீட்டில் தொடங்க வேண்டும், தன் வீட்டில் அல்ல. அவ்வளவுதான்.

அப்படியானால் கோட்டையின் சொந்தப் பிட் தடையில் இருக்க வேண்டுமா?

இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கழித்தல் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. கீழே உள்ள பிட்டுகளைத் தொடுவதில்லை.

சேர், இது ஒரு பக்கம் மட்டும்தானே? ஏ பக்கம் எப்படிப் போவது?

நல்ல கேள்வி. தலவாக்கலையிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி முதல் நாளே கேட்டது. கடன் எப்போதும் பெரிய பிட்டை நோக்கித்தான் நடக்கும். கீழ்நோக்கி நடக்கவைக்க முடியாது. ஆனால் லயத்தையே திருப்பி வைக்கலாம். எண்ணின் பிட்டுகளை முன்பின்னாக மாற்றி, அதே கழித்தலைச் செய்து, விடையை மறுபடி திருப்பினால் போதும்.

மேலே உள்ள அதே உதாரணம்: 11000101ஐத் திருப்பினால் 10100011, அதாவது 163. கோட்டை இப்போது பிட் 5இல் நிற்கிறது. 163 − 64 = 99, அதாவது 01100011. எக்ஸ்ஓர் செய்தால் 11000000. திருப்பினால் 00000011: பி வெற்றுக் கட்டம், ஏ தடை. சரி வந்துவிட்டது.

இரண்டு பக்கத்தையும் சேர்க்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு. இரண்டு விடையிலும் "தடை ^" என்ற பகுதி வருகிறது. இரண்டையும் எக்ஸ்ஓரால் சேர்த்தால் தடை தன்னோடு தானே அடிபட்டுப் போய்விடும். எனவே:

தாக்கு = (தடை − 2×காய்) ^ திருப்பு(திருப்பு(தடை) − 2×திருப்பு(காய்))

இதெல்லாம் ஒரு நிரைக்கு. நிரலிலும் மூலைவிட்டத்திலும் கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இல்லையே?

இந்த இடத்தில்தான் சல்லடை வருகிறது. தொழிற்சாலையில் தேயிலையைச் சலிக்கும்போது வேண்டியது மட்டும் கீழே விழுவது போல, ஒரு கோட்டின் கட்டங்களில் மட்டும் 1 உள்ள எண்ணோடு அன்ட் (AND: இரண்டிலும் 1 இருந்தால் மட்டும் 1) செய்தால் அந்தக் கோட்டில் உள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மற்ற வீடுகள் எல்லாம் வெறுமையாகத் தெரியும். வெறும் வீட்டைக் கடன் தாண்டிப் போய்விடும் என்பது நமக்குத் தெரியுமே!

கோட்டை டி4இல், பிட் 27. அதே நிரலில் டி7இலும் (பிட் 51) டி2இலும் (பிட் 11) ஆள். மற்ற நிரல்களில் யார் இருந்தாலும் சல்லடை அவர்களை ஒதுக்கிவிட்டது. 2×காய் என்பது பிட் 28, அதாவது ஈ4. அது டி நிரலிலேயே இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஈ4இல் கடன் கேட்கத் தொடங்குகிறது; இல்லை; எஃப்4; இல்லை; ஜி4, எச்4, ஏ5 என்று வீடு வீடாகப் போய் 51ஆம் வீட்டில், டி7இல், கிடைக்கிறது. 28 முதல் 51 வரை எல்லாப் பிட்டும் மாறிவிட்டது. இப்போது அதே சல்லடையால் இன்னொரு தடவை சலித்தால் மிஞ்சுவது 35, 43, 51. அதாவது டி5, டி6, டி7.

ஆகவே சல்லடை இரண்டு முறை: கழிக்கும் முன் ஒன்று, கடைசியில் ஒன்று. முன்னதை மறந்தால் கடன் வேறு நிரலில் நிற்கும் யாரிடமாவது முடிந்துவிடும். பின்னதை மறந்தால் கோட்டை பலகை முழுவதையும் தாக்குவதாகக் காட்டும். எங்கள் வகுப்பில் இரண்டும் நடந்திருக்கிறது.

ஓரம் தாண்டும் பிரச்சினையும் இதிலேயே தீர்கிறது. எச்4இல் உள்ள கோட்டை வலப்பக்கம் போனால் அடுத்த பிட் ஏ5. லூப்பில் நகர்த்தி எழுதுகிறவர்கள் இதற்குத் தனியாகக் காவல் வைக்க வேண்டும். இங்கே ஏ5 நான்காம் நிரையின் சல்லடையில் இல்லை, தானாகவே விழுந்துவிடும்.

64 பிட்டைத் திருப்புவது பெரிய வேலை இல்லையா?

நிரலுக்கும் மூலைவிட்டத்துக்கும் முழுத் திருப்பல் தேவையில்லை. இந்தக் கோடுகளில் ஒரு நிரைக்கு ஒரு கட்டத்துக்கு மேல் வராது. எனவே நிரைகளை மட்டும் மேல்கீழாக அடுக்கினால் கோட்டின் வரிசை தலைகீழாகிவிடும். ஒரு நிரை என்பது எட்டு பிட் சேர்ந்த ஒரு பைட். எட்டு பைட்டைத் தலைகீழாக அடுக்க இன்டெல் வகைச் செயலிகளில் ஒரே கட்டளை உண்டு. மேலே சொன்ன உதாரணத்தில் டி4 டி5 ஆகிறது, டி2 டி7 ஆகிறது. கழித்தால் டி6, டி7 மாறும். மறுபடி அடுக்கினால் டி3, டி2. இந்த முறைக்கு ஹைப்பர்போலா குவின்டசென்ஸ் என்று யாரோ பெரிய பெயர் வைத்துவிட்டார்கள். பெயரைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் நிறையப் பேர்.

கிடையாகப் போகும் நிரைக்கு மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது. பைட்டை இடம் மாற்றினாலும் பைட்டுக்குள்ளே வரிசை மாறுவதில்லை. அதற்கு இரண்டு வழி. ஒன்று, சின்ன அட்டவணை: கோட்டை நிற்கக்கூடிய 8 இடம், நடுவில் உள்ள ஆறு கட்டங்களின் 64 நிலை, மொத்தம் 512 பைட். ஓரத்து இரண்டு கட்டத்தையும் ஏன் விட்டோம்? அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோட்டை அதோடு நின்றுதான் ஆக வேண்டும், விடை மாறாது.

இரண்டாவது வழி கைத்தொலைபேசிக்காரர்களுக்கு. 64 பிட் ஏஆர்எம் செயலியில் பிட்டுகளை முழுவதாகத் திருப்பவே ஒரு கட்டளை இருக்கிறது. மடிகணினி இல்லை என்று முகம் வாடியிருந்த தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவன் கையில் இருந்த தொலைபேசியின் செயலி என் மடிகணினியை விடக் கெட்டி.

ராணிக்கு?

கோட்டையின் விடையையும் மந்திரியின் விடையையும் ஓர் செய்யுங்கள்.

நம் சொந்தக் காயையும் தாக்குவதாகக் காட்டுகிறதே, பிழையா?

பிழை இல்லை. கடன் கொடுத்தவர் எந்த நிறம் என்று கழித்தலுக்குத் தெரியாது. நகர்வு வேண்டுமென்றால் சொந்தக் காய்களின் எண்ணை நாட் (NOT: 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றுவது) செய்து அதோடு அன்ட் செய்துவிடுங்கள். ஆனால் அந்த முழு விடையை எறிந்துவிடாதீர்கள். சொந்தக் காயைத் தாக்குவது என்றால் அதற்குக் காவல் நிற்பது. எதிரி ராஜா நம் காயை வெட்டலாமா என்று பார்க்க அதே எண்தான் வேண்டும்.

நான் அப்படியே எழுதினேன், விடை கோணல்மாணலாக வருகிறது. ஏன்?

எந்த மொழி என்பதைப் பொறுத்து.

மொழி எதுவானாலும் முதலில் அடைப்புக்குறியைப் பாருங்கள். பைதன், சி, ஜாவா எல்லாவற்றிலும் அன்ட்டின் குறியான & என்பது ^ஐ விட முந்திக்கொள்ளும். சல்லடையைக் கடைசியில் போட்டதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது இரண்டாவது பாதியை மட்டும் சலித்திருக்கும். எக்ஸ்ஓர் முழுவதையும் அடைப்புக்குள் வையுங்கள்.

பைதனில் எண்ணுக்கு 64 பிட் என்ற எல்லை இல்லை. வழியில் ஆளே இல்லாவிட்டால் கடன் பலகையைத் தாண்டிப் போய் விடை மைனஸ் ஆகிவிடும். மைனஸ் எண்ணோடு அன்ட் செய்வது பைதனில் சரியாகவே வரும், அதனால் மேல்நோக்கிய பாதிக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் திருப்புவதற்காக எண்ணை 8 பைட்டாக மாற்றும்போது மைனஸ் எண்ணை ஏற்கமாட்டேன் என்று சண்டைக்கு வரும். அதற்கு முன்னால் 18446744073709551615 என்ற எண்ணோடு அன்ட் செய்துவிடுங்கள். 64 பிட்டும் 1 ஆக உள்ள எண் அது. இன்னொன்று, பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். தடை, காய், சல்லடை என்று எழுதினால் ஓடும். எங்கள் வகுப்பில் அப்படித்தான் எழுதுகிறோம். பரீட்சையில் எழுதுகிறபோது மட்டும் கவனம்.

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணின் பிட் கணக்கு 32 பிட்டுக்கு வெட்டப்படும். பலகையின் மேல் பாதி காணாமல் போகும். பிக்இன்ட் என்ற வகையை எடுங்கள், வேகம் குறையும்.

ஜாவாவில் என் சொந்தக் கதை ஒன்று. மந்திரியை ஏ6இல் வைத்தேன், பிட் 40. அது ஏ2இல் போய் நின்றது. இரண்டு இரவு சல்லடைகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். காரணம் சல்லடையில் இல்லை: வெறும் 1 என்று எழுதினால் அது 32 பிட் எண். 40 இடம் நகர்த்தச் சொன்னால் ஜாவா 40ஐ 32ஆல் வகுத்து மீதி 8 இடம் மட்டும் நகர்த்தும். 8 என்றால் ஏ2. ஒன்றை 64 பிட் வகை ஒன்றாக எழுதியதும் மந்திரி வீட்டுக்கு வந்துவிட்டது. சி மொழியில் இதே தவறைச் செய்தால் இன்னும் மோசம், என்ன நடக்கும் என்று மொழியே உத்தரவாதம் தராது. சியில் குறியில்லாத (மைனஸ் வராத) 64 பிட் எண்ணை மட்டும் எடுங்கள்.

பெரிய செய்நிரல்கள் எல்லாம் மேஜிக் பிட்போர்ட் என்கிறார்களே. அது வேறா?

வேறு. அதில் கழித்தல் இல்லை, பெருக்கல்.

டி4 கோட்டையின் வழியில் ஓரங்களை விட்டால் 10 கட்டங்கள் முக்கியம். அந்தப் பத்தும் பலகையில் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. சலித்து எடுத்த தடையை, முன்கூட்டியே தேடிப் பிடித்த ஒரு பெரிய எண்ணால் பெருக்கினால், சிதறிய பிட்டுகளின் தகவல் விடையின் உச்சிப் பக்கம் வந்து சேரும். மேல் 10 பிட்டை மட்டும் எடுத்து அட்டவணையின் பக்க எண்ணாக வைத்து விடையைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெருக்கும் எண் எங்கிருந்து வருகிறது? சூத்திரம் ஒன்றும் இல்லை. கணினியைக் குருட்டாம்போக்கில் எண்களைப் போட்டுப் பார்க்கவிட்டு, இரண்டு வேறு விடைகள் ஒரே பக்கத்தில் மோதாத எண் கிடைத்ததும் வைத்துக்கொள்வார்கள். மேஜிக் என்ற பெயர் அதனால்தான்.

விலை நினைவகம். மூலைக் கட்டத்துக் கோட்டைக்கு 12 பிட், 4,096 பக்கம். மற்ற ஓரக் கட்டத்துக்கு 2,048. உள் கட்டத்துக்கு 1,024. அறுபத்து நாலையும் கூட்டினால் 102,400 பக்கம், பக்கத்துக்கு 8 பைட், 800 கிலோபைட். மந்திரிக்கு 5,248 பக்கம், 41 கிலோபைட். கழித்தல் முறைக்குச் சல்லடையும் அந்த 512 பைட் அட்டவணையும் சேர்த்து மூன்று கிலோபைட் கூட வராது.

இன்டெல் 2013இல் ஹாஸ்வெல் செயலிகளோடு பெக்ஸ்ட் என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. சிதறிய பிட்டுகளைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதே அதன் வேலை, பெருக்கலும் வேண்டாம். ஏஎம்டியில் 2020இல் வந்த ஸென் 3க்கு முந்தையவற்றில் அது மிக மெதுவு. பழைய ஏஎம்டி மடிகணினி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்கச் செய்நிரல் மேஜிக்கையும் வைத்திருக்கிறது, பெக்ஸ்ட் வேகமாக ஓடும் கணினியில் அதையும் எடுத்துக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால், 1990களில், ராபர்ட் ஹையட்டின் கிராஃப்டி என்ற சதுரங்கச் செய்நிரல் பலகையின் சுழற்றிய பிரதிகளையும் கூடவே சுமந்துகொண்டு ஓடியது. காய் ஒன்று அசைந்தால் எல்லாப் பிரதியையும் திருத்த வேண்டும். இப்போது யாரும் அதைப் புதிதாக எழுதுவதாகத் தெரியவில்லை.

அப்படியானால் நாங்கள் எதை எழுதுவது?

கழித்தலை. வேகத்தில் மேஜிக் முந்தும், மறுக்கவில்லை. ஆனால் மேஜிக் எண்ணை யாரோ எழுதியதைப் பார்த்து ஒட்டினால், பிழை வந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. கழித்தலில் பிழை வந்தால் கொப்பியும் பென்சிலும் போதும். மின்சாரம் போன நேரத்திலும் தேடலாம், மழைக்காலத்தில் எங்களுக்கு அது சின்ன வசதி இல்லை. கழித்தல் சரியாக ஓடிய பிறகு மேஜிக்கை எழுதி, இரண்டும் ஒரே விடை தருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

செக் வைத்த கோட்டைக்கு முன்னால் ராஜா பின்வாங்கித் தப்பிக்கிறார். எப்படி?

எல்லாரும் ஒருமுறையாவது விழும் குழி இது. கறுப்புக் கோட்டை ஈ8இல், நம் ராஜா ஈ4இல், நடுவில் யாரும் இல்லை. ஈ3 பாதுகாப்பா என்று கேட்டால் செய்நிரல் ஆம் என்கிறது. ஏன்? கடன் ஈ4 ராஜாவிடம் முடிந்துவிட்டது, ஈ3 வரை போகவில்லை. தன் உடம்பாலேயே தன் முதுகை மறைத்துக்கொண்டு நிற்கிறார். எதிரி தாக்கும் கட்டங்களைக் கணக்கிடும்போது மட்டும் நம் ராஜாவைத் தடையிலிருந்து தூக்கிவிடுங்கள்.

எல்லாம் சரி என்று எப்படி நிச்சயப்படுத்துவது?

எண்ணிப் பாருங்கள். தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்வுக்கு 20 வழி, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நாலுக்கு 197,281, ஐந்துக்கு 4,865,609. பெர்ஃப்ட் என்று இந்தச் சோதனைக்குப் பெயர். உலகம் முழுக்க எல்லாருக்கும் இதே எண்தான் வர வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை.

எந்த இடத்தில் பிசகுகிறது என்பதே துப்பு. மந்திரியும் ராணியும் தங்கள் இரண்டாவது நகர்விலேயே வெளியே வர முடியும், அது மொத்தக் கணக்கில் மூன்று. எனவே மூன்றில் பிழை என்றால் மூலைவிட்டச் சல்லடையைப் பாருங்கள்.

நாலு வரை சரி, ஐந்தில் மட்டும் பிழை. என்ன செய்ய?

ஆன்-பசானைப் பாருங்கள். இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டும் அந்த நகர்வு, தொடக்க நிலையிலிருந்து எண்ணும்போது ஐந்தில்தான் முதன்முதலில் வருகிறது, 258 தடவை.

அதுவும் சரியென்றால் இந்த நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள், தொடக்க நிலை சோதனையில் இது எளிதில் அகப்படாது. நம் ராஜா ஏ5, நம் சிப்பாய் பி5, இப்போதுதான் பாய்ந்து வந்த கறுப்புச் சிப்பாய் சி5, கறுப்புக் கோட்டை எச்5. பி5 சிப்பாய் சி6க்குப் போய் சி5ஐ வெட்டலாமா? ஒவ்வொரு சிப்பாயாகப் பார்த்தால் தடை இருப்பது போலத் தெரியும். வெட்டியதும் இரண்டு சிப்பாயும் ஒரே நேரத்தில் ஐந்தாம் நிரையை விட்டுப் போகும், கோட்டைக்கும் ராஜாவுக்கும் நடுவில் ஆளே இருக்காது. இரண்டு பிட்டையும் தடையிலிருந்து எடுத்துவிட்டு ராஜாவின் கட்டத்திலிருந்து நிரையில் கடன் கேட்டுப் பாருங்கள். கேட்டுக்கொண்டே போய் எச்5இல் முடிந்தால் அந்த நகர்வு செல்லாது.